கேட்டில் நின்ற வரிசை எங்கே போனது

1999 ஆயுத பூஜையன்று எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டினார்கள். அதில் காத்திருக்கும் நேரத்தைக் காட்டும் இரண்டே கோடுகள். சிவப்புக் கோடு பழைய புரோகிராமுடையது. காலை நேரத்தில் மலைபோல் எழுந்து நின்றது. பச்சைக் கோடு புதிய புரோகிராமுடையது; அடிமட்டத்தில் நேராகப் படுத்துக் கிடந்தது. சர்வர்களுக்கும் பிரிண்டருக்கும் வைத்து மிச்சமிருந்த சந்தன குங்குமத்தை யாரோ அந்தத் தாளின் மூலையிலும் தொட்டு வைத்தார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். பொரியும் கடலையும் மைசூர்பாகும் கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன்.

அந்தப் பச்சைக் கோட்டின் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. இதை எழுதக் காரணம் அதுதான். வேறு உயர்ந்த காரணம் ஏதோ இருப்பதாகப் பாசாங்கு செய்யப் போவதில்லை.

எதையும் காலவரிசையில் வைத்துக்கொள்ளாவிட்டால் எனக்குச் சரிப்படாது. எந்தப் பண்டிகைக்கு முன், எந்த மழைக்குப் பின் என்று ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் வைத்துவிட வேண்டும். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

ஓசூர் ரோட்டில் பொம்மசந்திராவில் மின்சார சுவிட்சு பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று எங்கள் வாடிக்கையாளர். அவர்களுடைய கேட்டில் ஆட்கள் வந்துபோகும் நேரத்தைப் பதியும் மென்பொருளை எங்கள் கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. தொழிலாளி தன் அட்டையைக் கருவியில் தேய்க்க வேண்டும். கருவி அந்த எண்ணை உள்ளே இருக்கும் சர்வருக்கு அனுப்பும். சர்வர் ஆளைத் தேடி, எந்த ஷிப்டு என்று பார்த்து, கேன்டீன் கணக்கில் சேர்த்து, நேரத்தைப் பதிந்துவிட்டு ‘சரி’ என்று சொல்லும். அப்போதுதான் கருவி ‘பீப்’ என்று ஒலிக்கும். ஆள் உள்ளே போகலாம்.

பகலில் இதெல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். காலை ஏழு மணி ஷிப்டுக்கு முன்னால் அத்தனை பேரும் ஒன்றாக வந்து விழும்போது சர்வர் திணறும். ஒவ்வொரு பீப்புக்கும் காத்திருந்து காத்திருந்து கேட்டிலிருந்து சாலை வரை வரிசை நிற்கும். மழை நாளில் நனைந்துகொண்டு நிற்பார்கள். தொழிற்சாலைக்காரர்கள் பல மாதம் புகார் சொன்னார்கள். கடைசியில் எங்கள் பிராஜெக்ட் மேனேஜர் தானே முன்னின்று அதைச் சரிசெய்தார்.

அவர் செய்தது இதுதான். கருவி இனி சர்வரின் பதிலுக்குக் காத்திருக்காது. அட்டை எண்ணை வாங்கியவுடனே பீப் அடித்துவிடும். எண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். சர்வர் தனக்கு முடிந்த வேகத்தில் எடுத்துப் பதிந்துகொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இது கெட்ட யோசனை என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். எத்தனையோ நல்ல மென்பொருள்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

வேகத்தை எப்படி அளந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அட்டை தேய்த்த கணத்திலிருந்து பீப் கேட்கும் கணம் வரை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. எங்கள் அலுவலகத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு: எந்த வேலையானாலும் ஆயுத பூஜைக்கு முன் லைவ் ஆகிவிட வேண்டும். பூஜைக்கு ஓடுகிற இயந்திரத்தைத்தான் வைக்க வேண்டும் என்பது மேனேஜரின் பிடிவாதம். அதனால் நிஜமான கேட்டில், நிஜமான ஆட்களை வைத்து எடுத்த அளவும் பூஜைக்கு முந்தைய நாட்களில்தான் எடுக்கப்பட்டது. அந்த நாட்களில் தர்மபுரிக்காரர்களும் கிருஷ்ணகிரிக்காரர்களும் பாதிப்பேர் லீவு போட்டு ஊருக்குப் போயிருப்பார்கள். ஓசூர் ரோட்டில் அந்த வாரம் பஸ் பிடித்த யாருக்கும் அது தெரியும். கூட்டமில்லாத கேட்டில், சர்வர் திணறாத நாட்களில் அளந்தார்கள். பச்சைக் கோடு வந்தது.

நான் அந்தக் குழுவில் இல்லை. சோதனைப் பிரிவில் வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இதே மாற்றத்தை இன்னொரு தொழிற்சாலையிலும் போடப்போகிறார்கள், அங்கே அளக்கிற வேலை எனக்கு வரும் என்று மட்டும் தெரிந்திருந்தது.

அப்போது நான் பொம்மனஹள்ளியில் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தேன். சிறிய சிறிய வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு போர்வெல் குழாய். என் பக்கத்து வீட்டில் ஓர் இளம்பெண், தன் தம்பியோடு இருந்தாள். ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்தவள். பொம்மசந்திராவில் வேலை என்பது தெரியும். எந்தக் கம்பெனி என்று நான் கேட்டதில்லை. தீபாவளிக்கு முன் ஒரு காலை, குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டுத் தன் சம்பளச் சீட்டை என் முன்னால் நீட்டினாள்.

“அக்கா, நீங்க கம்ப்யூட்டர் கம்பெனிதானே. இதுல ‘எல்’னு வரிசையா போட்டிருக்கான் பாருங்க. எல்லாம் லேட்டாம். நான் ஒரு நாள்கூட லேட்டா போகல.”

பார்த்தேன். பூஜைக்குப் பிறகு மாதக் கடைசி வரை ஏறக்குறைய எல்லா நாளும் லேட். சீட்டின் தலைப்பில் எங்கள் வாடிக்கையாளரான அந்தத் தொழிற்சாலையின் பெயர். எந்த பஸ் பிடிக்கிறாய் என்று கேட்டேன். ஏழுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே கேட்டில் இறங்கிவிடுவாளாம். அந்த பஸ்ஸில் வருகிற அத்தனை பேருக்கும் இப்படித்தான் போட்டிருக்கிறார்களாம்.

அவளுக்குச் சம்பளத்தில் பிடித்தது பெரிய விஷயமில்லை. அவள் ட்ரெய்னி. டிசம்பரோடு பயிற்சிக் காலம் முடிகிறது. நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா என்பதை அந்த மாதம்தான் முடிவு செய்வார்கள். வேலை தெரியுமா என்று பார்ப்பதைவிட வருகைப் பதிவைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பர்மனென்ட் ஆனால் தம்பியை ஐ.டி.ஐ.யில் சேர்ப்பதாக இருந்தாள். இல்லையென்றால் இருவரும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

“சூப்பர்வைசர்கிட்ட சொன்னியா?”

“சொன்னேன்க்கா. ‘மெஷின் பொய் சொல்லுமா, நீ பொய் சொல்லுவியா’ன்னு கேக்கறாரு.”

அன்று அலுவலகத்தில் அந்தப் புரோகிராமை எடுத்துப் படித்தேன். தேடிக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. நேரத்தைப் பதியும் வரி பழைய இடத்திலேயே இருந்தது. சர்வர் எப்போது எழுதுகிறதோ அதுதான் வந்த நேரம். முன்பு பீப்பும் எழுதுவதும் ஒரே கணத்தில் நடந்தன, அதனால் யாருக்கும் பாதகமில்லை. இப்போது பீப் முன்னால் ஓடிவிட்டது. எழுதுவது பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது. அந்த வரியை யாரும் தொடவில்லை.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு அவளோடு அதே பஸ்ஸில் போனேன். என்னை யாரும் அனுப்பவில்லை. பஸ் நின்றதும் பெண்கள் கூட்டமாக இறங்கி, அட்டையைத் தேய்த்து, பீப் பீப் என்று நடந்துகொண்டே உள்ளே போனார்கள். நிற்கவே இல்லை. மூச்சுவிடும் நேரத்தில் கேட் காலியாகிவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. சுவரில் ஒட்டிய பச்சைக் கோட்டை நேரில் பார்ப்பதுபோல் இருந்தது.

கேட்டை ஒட்டிய டைம் ஆபீஸில் ஒரு கிளார்க் இருந்தார். ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்த தமிழர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் திரையைக் காட்டினார். என் பக்கத்து வீட்டுப் பெண் பீப் அடித்து உள்ளே போனபோது என் கைக்கடிகாரத்தில் ஏழுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. திரையில் அவள் பெயர் இன்னும் வரவில்லை. ஏழு மணிச் சைரன் ஊதியது. அப்போதும் வரவில்லை. சைரனுக்கு நான்கு நிமிஷம் கழித்து அவள் பெயர் வந்தது, பக்கத்தில் ‘எல்’. அந்த நேரத்தில் அவள் உள்ளே தன் மேசையில் உட்கார்ந்து ஸ்பிரிங் மாட்டிக்கொண்டிருந்திருப்பாள்.

முன்பெல்லாம் வரிசை நிற்கும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“ஜன்னல்ல பாப்பேன் மேடம். ரோடு வரைக்கும் லைன் இருந்தா, அன்னைக்கு லேட் வந்தவங்களுக்கெல்லாம் ‘மெஷின் தாமதம்’னு போட்டு மாஃப் பண்ணிடுவேன். சாஹேப்புக்கும் தெரியும். இப்ப எதைப் பாத்துப் போடறது? லைனே இல்லையே. சும்னே போட்டா என் கெலசா போயிடும்.”

சும்மா போட்டால் தன் வேலையே போய்விடும் என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை, பாராட்டவும் இல்லை. கண்ணால் பார்த்ததை வைத்து மன்னித்த மனிதருக்கு, பார்க்க ஒன்றும் இல்லாமல் செய்துவிட்டோம். வரிசை ஒழியவில்லை. சாலையில் மழையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்து நின்ற வரிசையைத் தூக்கி இயந்திரத்துக்குள் வைத்துவிட்டு, வரிசையே இல்லை என்று மைசூர்பாகு கொடுத்தோம்.

ஆலைகள் புதிதாக வந்த காலத்தில் இங்கிலாந்து முதலாளிகள் காலையில் கடிகார முள்ளை முன்னாலும் மாலையில் பின்னாலும் தள்ளிவைத்துத் தொழிலாளியை ஏமாற்றியதாகச் சரித்திரத்தில் படித்திருக்கிறேன். கைக்கடிகாரத்தோடு யாராவது உள்ளே வந்தால் பிடுங்கிவைத்துக்கொள்வார்களாம். படிக்கும்போது கோபம் வந்தது. ஆனால் அவர்களுக்குத் தாங்கள் திருடுவது தெரியும். எங்கள் ஆட்களுக்கு அதுகூடத் தெரியாது. குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திருடினார்கள்.

மத்தியானம் மேனேஜரின் அறைக்குப் போனேன். அவர் தமிழர்தான், சென்னையில் படித்தவர், கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். என் பிறந்த நாளை நினைவு வைத்து வாழ்த்துபவர். கேட்டில் பார்த்ததைச் சொன்னேன்.

“உன்னை யாரும்மா அங்க போகச் சொன்னா?”

யாரும் சொல்லவில்லை என்றேன். அளந்தது தப்பு என்றேன். தொழிலாளிக்குப் பீப் முக்கியமில்லை, பதிவாகிற நேரம்தான் முக்கியம் என்றேன்.

“இங்க பாரு. ஒப்பந்தத்துல இருக்கறது பீப். நாம அளந்தது பீப். கிளையன்ட் கையெழுத்துப் போட்டுட்டான். பெஞ்ச்மார்க்னா என்னன்னு உனக்கு நான் சொல்லித்தரணுமா?”

சொல்லித்தர வேண்டாம் என்றேன். நேரத்தைக் கேட்டிலேயே, அட்டை தேய்க்கும்போதே குறித்துக்கொண்டால் போதும். சின்ன மாற்றம்தான் என்றேன். அதை அவர் மறுக்கவில்லை. மறுக்காததுதான் எனக்கு அதிக ஆத்திரத்தைக் கொடுத்தது. சரிதான், செய்துவிடலாம், ஆனால் இப்போது முடியாது என்றார். புது வருஷத்தில் கம்ப்யூட்டர்கள் இரண்டாயிரத்தை ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று படித்துவிடும் என உலகமே பயந்துகொண்டிருந்த நேரம் அது. ஓடுகிற எந்தப் புரோகிராமையும் ஜனவரி முடியும் வரை யாரும் தொடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. நூறு வருஷப் பிழைக்குப் பயந்தவர்கள் பதினான்கு நிமிஷப் பிழையை விட்டுவைத்தார்கள்.

சரி, மாற்றம் பிறகு வரட்டும், ஏற்கெனவே விழுந்த லேட்டுகள் தப்பு என்று தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் கொடுங்கள் என்றேன். டிசம்பரில் ட்ரெய்னிகளின் முடிவு இருக்கிறது என்றேன். பக்கத்து வீட்டுப் பெண் என்பதையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது, ஏனென்றால் அவர் முகம் உடனே தெளிந்துவிட்டது.

“ஓ, தெரிஞ்ச பொண்ணா. அதான பாத்தேன்.”

அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அவருக்குக் கணக்கில் வரவில்லை. அவரைப் பொறுத்தவரை இனி அது மென்பொருளில் உள்ள பிழை இல்லை, எனக்கு வேண்டியவளுக்கு நான் கேட்கிற சலுகை. கடிதம் கொடுத்தால் நாமே தப்பை ஒப்புக்கொண்டதாகும், அடுத்த தொழிற்சாலையின் ஆர்டர் போய்விடும் என்று பொறுமையாக விளக்கினார். அடுத்த தொழிற்சாலையில் அளக்கிற வேலையை வேறொருவருக்கு மாற்றினார்.

தொழிற்சாலையின் பர்சனல் ஆபீசரையும் போய்ப் பார்த்தேன். வெளியே பெஞ்சில் வெகுநேரம் உட்காரவைத்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார், தலையாட்டினார். இதை உங்கள் கம்பெனி லெட்டர்ஹெட்டில் கொண்டுவாருங்கள், எல்லா லேட்டையும் எடுத்துவிடுகிறேன் என்றார். அவர் கேட்டது நியாயம். நான் கையில் ஒன்றும் இல்லாமல் வந்திருந்தேன்.

விஷயம் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பெண் முந்தைய பஸ்ஸில் போக ஆரம்பித்திருந்தாள். அதன்பிறகு ஒரு லேட்டும் விழவில்லை. ஆனால் விழுந்தவை விழுந்தவைதான். அதைவிட மோசம், நவம்பரில் சீக்கிரம் வந்ததையே காரணமாக்கி, “மெமோ பயத்துல இப்ப நேரத்துக்கு வர்றே, அப்ப முன்னாடி வந்திருக்கலாமில்ல” என்றாராம் சூப்பர்வைசர்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் தொழிற்சாலையில் நிரந்தரம் ஆனவர்களின் பட்டியல் போட்டார்கள். அவள் பெயர் இல்லை. அந்த பஸ்ஸில் வந்த மற்ற ட்ரெய்னிகளின் பெயரும் இல்லை. அவளே வந்து சொன்னாள். அழவில்லை. குடம் நிரம்பிக்கொண்டிருந்தது, குழாயை மூடாமலே பேசினாள்.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா. நான் தேய்ச்சப்ப அது பீப்னு அடிச்சுதில்ல?”

“அடிச்சுது.”

“அடிச்சா நான் வந்துட்டேன்னு அர்த்தமா, இல்லையா?”

நான் விளக்க ஆரம்பித்தேன். கருவி, சர்வர், இரண்டுக்கும் நடுவே காத்திருக்கும் எண்கள். அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

“அப்ப அது எதுக்கு அடிக்குது? எங்களைச் சீக்கிரம் உள்ள தள்ளறதுக்கா?”

ஒப்பந்தம், கையெழுத்து, வரைபடம் எல்லாவற்றையும் அவளுடைய அந்த ஒரு கேள்விக்கு முன்னால் வைத்துப் பார்த்திருக்கிறேன், எதுவும் பதிலாகவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போன அக்காவும் தம்பியும் திரும்பி வரவில்லை. வீட்டுக்காரர் தை கடைசியில் அந்த வீட்டை வேறு ஆளுக்கு விட்டார்.

பிப்ரவரியில் மாற்றம் லைவ் ஆனது. என்ன மாறியது என்று வாடிக்கையாளருக்கு அனுப்பிய குறிப்பில், ‘நேரப் பதிவின் துல்லியம் மேலும் மேம்படுத்தப்பட்டுள்ளது’ என்று எழுதினார்கள். மேலும் என்ற சொல்லை யார் சேர்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த மாதம் நான் வேலையை விட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் ஒருவேளை ஆறியிருப்பேன். 2003இல், மழைக்காலம் தொடங்கியபோது, நகரத்தின் நடுவே ஒரு பெரிய ஹோட்டலில் மென்பொருள்காரர்கள் கூடிய கூட்டத்துக்கு என் புதிய கம்பெனி என்னை அனுப்பியது. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை நிறுத்தாமல் வேகப்படுத்துவது எப்படி என்பது ஒரு பேச்சின் தலைப்பு. பேச வந்தவர் என் பழைய மேனேஜர். திரையில் அந்த வரைபடம். அதே சிவப்பு மலை, அதே பச்சைத் தரை. மூலையில் இருந்த குங்குமம் மட்டும் இல்லை.

நன்றாகப் பேசினார். மழையில் நனைந்த தொழிலாளர்களைப் பற்றி உருக்கமாகச் சொன்னார். கேள்வி நேரம் வந்தபோது நான் எழுந்து மைக்கை வாங்கினேன். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது, சிரித்தார். இந்தப் பச்சைக் கோட்டில் கேட்டில் நின்ற வரிசை எங்கே போனது என்று கேட்டேன்.

“வரிசையா?” என்றார், அரங்கத்தைப் பார்த்து. “அதை ஒழிச்சிட்டோமே. அதுக்குத்தானே இந்தப் பேச்சு.”

கைதட்டினார்கள். நான் உட்காரவில்லை. பீப்புக்கும் பதிவுக்கும் நடுவே இருந்த நேரத்தை அளந்தீர்களா, அந்த மாதம் லேட் என்று விழுந்தவர்களுக்கு யாராவது கடிதம் கொடுத்தார்களா என்று கேட்டேன். அவருடைய சிரிப்பு போகவில்லை. இரண்டாவது கேள்வி முடிவதற்குள் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகத் தொடங்கினார். கூட்டத்தை நடத்தியவர் மேடை ஓரத்திலிருந்து இறங்கி வந்து, ரொம்ப நல்ல கேள்வி, ஆனால் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். வெளியே சாப்பாட்டுக்கு ஏற்கெனவே நீளமாக ஒரு வரிசை நின்றுகொண்டிருந்தது. நான் அதில் சேராமல் ஓசூர் ரோட்டுக்கு பஸ் பிடித்தேன்.